பேஸ் குரலின் ஆழம் எங்கே இருக்கிறது?

சினிமா டிரெய்லருக்குப் பின்னணி பேசுபவர், செய்தி வாசிப்பவர், கல்யாண மண்டபத்தில் மைக்கைப் பிடித்து மாப்பிள்ளை வீட்டாரை வரவேற்பவர் என்று யாராக இருந்தாலும், அடித்தொண்டையில் பேசினால் போதும், "என்ன கம்பீரமான குரல்!" என்று சொல்லிவிடுவோம். அதே காதோடு ஓபராவின் (பாட்டாலேயே நடக்கும் மேற்கத்திய இசை நாடகம்) பேஸ் பாடகர் ஒருவரை யூடியூபில் தேடிக் கேட்டால் ஏமாற்றம்தான். "இதைவிடக் கீழே பேசுறவங்க நம்ம தெருவிலேயே இருக்காங்களே" என்று தோன்றும். போதாக்குறைக்கு, அந்த ஆள் மேடையில் பெரிதாக நடிக்கவும் மாட்டார். நிற்பார், மெதுவாகத் திரும்புவார், உட்காருவார். அதற்குப் போய் நிமிடக்கணக்கில் கைதட்டுகிறார்கள்.

இந்த இரண்டு குழப்பத்துக்கும் வேர் ஒன்றுதான். பேஸ் என்றால் தாழ்ந்த குரல், தாழ்ந்த குரல் என்றால் பெரிய குரல் என்று நினைத்துக்கொள்கிறோம். முதல் பாதி ஓரளவு சரி. இரண்டாவது பாதி கிட்டத்தட்டத் தலைகீழ்.

கட்டைக் கணக்கில் ஒரு அளவு

மேற்கத்திய இசையில் ஆண் குரல்களை மேலிருந்து கீழாக டெனர், பாரிடோன், பேஸ் என்று பிரிப்பார்கள். பேஸ் எவ்வளவு கீழே போகும் என்பதைத் தெரிந்துகொள்ள போனில் ஒரு தம்புரா ஆப் இருந்தால் போதும். 1 கட்டை ஸ்ருதி வையுங்கள். ஆண் குரலுக்கு அங்கே மத்திய ஸ்தாயி ஸட்ஜம் விநாடிக்கு 131 அதிர்வு. இந்த விநாடிக்கணக்குக்கு ஹெர்ட்ஸ் என்று பெயர்.

அந்த ஸ்ருதியில் மந்திர ஸ்தாயி காந்தாரத்திலிருந்து (82 ஹெர்ட்ஸ்) தார ஸ்தாயி காந்தாரம் வரை (330 ஹெர்ட்ஸ்) இரண்டு ஸ்தாயி தூரம்தான் பேஸ் பாடகரின் அன்றாட வீடு. மொஸார்ட்டின் 'மாயப் புல்லாங்குழல்' ஓபராவில் (வியன்னா, 1791) குருவாக வரும் சராஸ்த்ரோ இறங்கும் கடைசிப் படி மந்திர மத்யமம், 87 ஹெர்ட்ஸ். அதே மொஸார்ட் 1782இல் எழுதிய ஓபராவில் ஓஸ்மின் என்ற காவல்காரன் மந்திர ரிஷபம் வரை, 73 ஹெர்ட்ஸுக்கு, இறங்கி அங்கேயே நிற்க வேண்டும்.

இப்போது நீங்களே தம்புராவோடு சேர்ந்து இறங்கிப் பாருங்கள். கர்நாடக இசை பாடும் ஆண்கள் பலர் மந்திர பஞ்சமம் வரை சுகமாகப் போவார்கள். மத்யமம், காந்தாரம் வந்ததும் குரல் காற்றாகிவிடும். அங்கே காற்று இல்லாமல் உருண்டையான நாதம் வந்தால் உங்களுக்குள் ஒரு பேஸ் இருக்க வாய்ப்புண்டு. இருபது வயதுக்காரராக இருந்தால் அவசரப்பட வேண்டாம். இந்த வகைக் குரல் பெரும்பாலும் முப்பதைத் தாண்டித்தான் முதிரும்.

ஒரு வித்தியாசத்தையும் இங்கேயே சொல்லிவிடலாம். நம் கச்சேரியில் பாடகர் தனக்கு எது வசதியோ அந்தக் கட்டையை வைத்துக்கொள்கிறார். ஓபராவில் ஸ்ருதி இசையமைப்பாளர் எழுதியது. இசைக்குழுவில் எண்பது பேர் அதையே வாசிக்கிறார்கள், பாடகருக்காக அரைக் கட்டை இறக்குவது அபூர்வம். அதனால்தான் அங்கே குரலுக்கு இத்தனை வகை, இத்தனை பெயர். குரலுக்குப் பாட்டைத் தைப்பது நம் வழக்கம். தைத்து வைத்த சட்டைக்கு ஆள் தேடுவது அவர்கள் வழக்கம்.

அப்படியானால் டிரெய்லர் குரல்?

அதில் பாதி மைக்கின் வேலை. ஒரு திசையில் மட்டும் கேட்கும் வகை மைக்கை வாயிலிருந்து நான்கைந்து சென்டிமீட்டரில் பிடித்தால் தாழ்ந்த அதிர்வுகளை அது கூடுதலாக வாங்கும். அருகமை விளைவு என்பார்கள். அதே ஆளை ஒரு மீட்டர் தள்ளி நிற்கச் சொல்லுங்கள், கம்பீரம் பாதியாகிவிடும்.

இன்னொரு பாதி கரகரப்பு. காலையில் தூங்கி எழுந்ததும் 'ம்ம்ம்' என்றால் குரல் பட்பட்டென்று தனித்தனித் துடிப்பாக வருமே, அதுதான். குரல் நாண்கள் தளர்ந்து சரியாக அதிராமல் விட்டு விட்டு மூடித் திறக்கின்றன. 40, 50 ஹெர்ட்ஸ் வரைகூட இதில் இறங்கலாம். ஆனால் அதற்குச் சக்தி கிடையாது. மைக் இல்லாமல் பத்தடி தள்ளி நிற்பவருக்கே கேட்காது. இரண்டாயிரம் பேர் உட்காரும் மிலானின் லா ஸ்காலாவிலும், 3800 இருக்கைகள் உள்ள நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அரங்கிலும் ஓபரா பாடகர் மைக் இல்லாமல்தான் பாடுகிறார்.

ரஷ்ய தேவாலயப் பாடகர் குழுக்களில் 'ஒக்தாவிஸ்ட்' என்று ஒரு வகையினர் உண்டு. வழக்கமான பேஸுக்கும் ஒரு ஸ்தாயி கீழே பாடுபவர்கள். ரஷ்ய இசையமைப்பாளர் ரக்மானினோவ் 1915இல் எழுதிய இரவு வழிபாட்டுப் பாடல்களில் ஐந்தாவது முடியும் இடத்தில் பேஸ்கள் படிப்படியாக 58 ஹெர்ட்ஸ் வரை இறங்குகிறார்கள். உடல் சிலிர்க்கும். ஆனால் அங்கே வாத்தியம் எதுவும் இல்லை, கல் கட்டடம் எதிரொலிக்கிறது, எல்லோரும் மெதுவாகப் பாடுகிறார்கள். அந்தச் சுரத்தை இத்தாலிய ஓபரா இசையமைப்பாளர் வெர்டியின் இசைக்குழுவுக்கு முன்னால் பாடினால் பாடகர் வாயசைப்பது மட்டும்தான் தெரியும்.

இதுவரை: பேஸ் என்பது ஒரு சுர எல்லை. அந்த எல்லைக்குக் கீழே போவது பெரிய சாதனை அல்ல. அங்கே போனபிறகும் கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டும் என்பதுதான் சிக்கல்.

ஆழம் காதில்தான் உருவாகிறது

தாழ்ந்த ஒலியை மனிதக் காது சரியாகக் கேட்பதில்லை. நிசப்தமான அறையில் 80 ஹெர்ட்ஸ் ஒலி கேட்கத் தொடங்க வேண்டுமானால், 1000 ஹெர்ட்ஸ் ஒலியைவிட அது ஏறத்தாழ 30 டெசிபெல் வலுவாக இருக்க வேண்டும். சக்தியில் அது ஆயிரம் மடங்கு. அப்படியிருக்க சராஸ்த்ரோவின் 87 ஹெர்ட்ஸ் எப்படிக் கேட்கிறது?

எந்தக் குரலும் ஒற்றை அதிர்வு அல்ல. 87இல் பாடினால் கூடவே 174, 261, 348 என்று அதன் மடங்குகளும் ஒலிக்கும். முதல் அதிர்வை அடிப்படை என்றும், மடங்குகளை மேற்சுரங்கள் என்றும் சொல்வோம். தம்புராவில் பஞ்சமத் தந்தி, ஸட்ஜத் தந்திகளை மட்டுமே மீட்டும்போது யாரும் மீட்டாத காந்தாரம் ஒன்று மேலே மிதக்கிறதே, அது மேற்சுரம்தான்.

மூளை செய்யும் வேலை இனிமேல்தான். மேற்சுரங்கள் 87, 87ஆக இடைவெளி விட்டு வருவதைக் காது கவனிக்கிறது. அடிப்படை காதில் விழாவிட்டாலும் "இது 87" என்று முடிவு கட்டிவிடுகிறது. பழைய லேண்ட்லைன் போன் 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரைதான் அனுப்பும். அப்பாவின் குரலோ 110, 120 ஹெர்ட்ஸ். அந்த அடிப்படை கம்பி வழியே வரவே இல்லை. ஆனாலும் பேசுவது அப்பாதான் என்பதிலோ, அவர் குரல் கனமானது என்பதிலோ யாருக்கும் சந்தேகம் வந்ததில்லை.

ரஷ்ய பேஸ் பாடகர் ஃபியோதர் ஷல்யாபினின் ஆரம்பகால இசைத்தட்டுகளை இப்படித்தான் கேட்கிறோம். 1925 வாக்கில் மின்சார மைக் வரும்வரை பாடகர்கள் ஒரு புனலுக்குள் பாடினார்கள். அந்தப் புனல் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஏறக்குறைய எதையும் பிடிக்காது. தட்டில் அவருடைய தாழ்ந்த சுரங்களின் அடிப்படையே இல்லை. கேட்பவர் காதில் இருக்கிறது.

பஸ் கண்டக்டரின் விசில்

ஒரு டவுன் பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். எஞ்சின் உறுமுகிறது, கூட்டம் பேசுகிறது. பின்படியில் நிற்கும் கண்டக்டர் "போலாம் ரைட்" என்று கத்தினால் முன்னால் டிரைவருக்குக் கேட்காமல் போகலாம். விசில் ஊதினால் கேட்கிறது. எஞ்சினைவிட விசிலுக்குச் சக்தி அதிகம் என்பதால் அல்ல, எஞ்சின் சத்தம் குறைவாக இருக்கும் இடத்தில் அது ஒலிக்கிறது என்பதால். எஞ்சினின் பலமெல்லாம் கீழே, விசில் மூவாயிரம் ஹெர்ட்ஸ் பக்கம். நம் காதின் துளை அந்தப் பக்கத்து ஒலிக்குத்தான் அதிகம் இசைந்து கொடுக்கும்.

ஓபரா பாடகரின் தொண்டைக்குள்ளும் ஒரு விசில் இருக்கிறது. ஸ்வீடனைச் சேர்ந்த யோஹான் சுண்ட்பெர்க் 1970களில் இதை அளந்து விளக்கினார். முழு இசைக்குழு வாசிக்கும்போது அதன் சக்தி 500 ஹெர்ட்ஸ் அருகில் உச்சத்தில் இருக்கிறது. அங்கிருந்து மேலே போகப் போகச் சரிகிறது. 2500 ஹெர்ட்ஸுக்குள் சுமார் 20 டெசிபெல், அதாவது நூறில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது. பயிற்சி பெற்ற ஓபரா ஆண் குரலில் அதே இடத்தில் மேற்சுரங்கள் கூட்டமாக எழும்பி நிற்கின்றன. டெனருக்கு 2800 பக்கம், பேஸுக்கு 2400 பக்கம். இந்தத் திரட்சிக்குப் பாடகர் ஒலிமேடு என்று பெயர் வைத்துக்கொள்வோம். பாடகர்கள் இதைக் குரலில் 'மணி' இருக்கிறது, 'உலோகம்' இருக்கிறது என்பார்கள்.

ஆக, 87 ஹெர்ட்ஸில் பாடும் சராஸ்த்ரோவைக் கடைசி வரிசைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது 87 அல்ல. அதன் இருபத்தெட்டாவது மடங்கும் அக்கம்பக்கத்து மடங்குகளும். அவை காதுக்குள் விழுந்ததும் மூளை கணக்குப் போட்டு அடியில் 87ஐ வைத்துக்கொள்கிறது. அடர்ந்த, இருண்ட குரல் என்று நாம் ரசிப்பதைத் தூக்கி வருவது அதிலிருக்கும் வெளிச்சம்தான்.

மைக் வருவதற்கு முந்தைய தமிழ் நாடக மேடைக்கும் இதே சிக்கல் இருந்தது. எஸ். ஜி. கிட்டப்பா போன்றவர்கள் கண்டுபிடித்த வழி, ஸ்ருதியையே மேலே ஏற்றிப் பாடுவது. திறந்த கொட்டகையில் பின்னால் உட்கார்ந்தவருக்கும் அந்த உச்சக்குரல் எட்டியது. பேஸ் பாடகருக்கு அந்த வழி அடைபட்டிருக்கிறது. சுரத்தை ஏற்ற முடியாது, மேற்சுரங்களைத்தான் ஏற்ற முடியும்.

ஒரு சோதனை. நல்ல பேஸ் பதிவு ஒன்றை ஹெட்போன் இல்லாமல் போனின் சொந்த ஸ்பீக்கரிலேயே ஓடவிட்டு, அடுத்த அறைக்குப் போய் நில்லுங்கள். அந்தச் சின்ன ஸ்பீக்கரால் 87 ஹெர்ட்ஸை வெளியே தள்ளவே முடியாது. இசைக்குழு தகரமாகிவிடும். பாடகரின் ஆழம் மட்டும் குறையாமல் இருந்தால் ஒலிமேடு வேலை செய்கிறது. ஸ்பெக்ட்ரோகிராம் காட்டும் இலவச ஆப் இருந்தால் இன்னும் நல்லது. பாடகர் வாய் திறக்கும்போதெல்லாம் 2400க்கும் 3000க்கும் நடுவே ஒரு பளிச்சென்ற பட்டை தோன்றி, வாய் மூடியதும் அணையும்.

தொண்டைக்குள் நடப்பது, தவறிப்போவது

குரல்வளை மேட்டில் விரலை வையுங்கள். எச்சில் விழுங்கினால் மேலே ஏறும். கொட்டாவி தொடங்கும் அந்தக் கணத்தில் கீழே இறங்கும். பாடகர் பாடும்போது அது கொட்டாவிப் பக்கமே சற்று இறங்கி, அசையாமல் நிற்கிறது. அப்போது அதற்கு மேலே உள்ள தொண்டைப் பகுதி அகலமாகிறது. குரல் நாண்களுக்கு நேர் மேலே 2 முதல் 3 சென்டிமீட்டர் நீளத்தில் ஒரு சின்னக் குழல் போன்ற பகுதி இருக்கிறது. அதன் வாய் குறுகலாகவே நிற்கிறது. சின்னக் குழல் வாயின் பரப்பு, அது திறக்கும் தொண்டையின் குறுக்குவெட்டுப் பரப்பில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் இருந்தால், அந்தக் குழல் தனியொரு ஊதுகுழல்போல் தன் பங்குக்கு ஒத்ததிரத் தொடங்குகிறது. அவ்வளவு சின்னக் குழலின் இயல்பான அதிர்வு 3000 ஹெர்ட்ஸ் பக்கம்தான் விழும். விசில் இதுதான்.

ஆகவே உருவம் பெரிதாக இருந்தால் குரல் பெரிதாக இருக்கும் என்பது பாதி உண்மைகூட இல்லை. குரல் நாண்களின் நீளம், தொண்டைக் குழலின் நீளம் இரண்டும் சுரத்தையும் நிறத்தையும் தீர்மானிக்கின்றன. தொப்பைக்கு இதில் வேலை இல்லை.

கற்றுக்கொள்பவர்கள் அதிகம் சறுக்குவது இங்கே. "ஆழமாகப் பாடு" என்றதும் நாக்கின் வேரால் குரல்வளையைக் கீழே அமுக்குவார்கள். தங்கள் காதுக்குள் அது பிரம்மாண்டமாகக் கேட்கும், ஏனெனில் எலும்பு வழியாகவும் கேட்கிறார்கள். வெளியே கேட்பவருக்கோ வாயில் சூடான உருளைக்கிழங்கை வைத்துக்கொண்டு பாடுவது மாதிரி இருக்கும். எல்லா உயிரெழுத்தும் 'ஊ'வை நோக்கிப் போகும், மணி அடைத்துவிடும், ஐந்தாவது வரிசையைத் தாண்டாது. கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. தாடைக்கு அடியில் உள்ள மெத்தென்ற இடத்தில் கட்டைவிரலை வைத்து ஒரு தாழ்ந்த சுரம் பாடச் சொல்லுங்கள். விரலை ஏதோ கெட்டியாகத் தள்ளினால் நாக்கு அமுக்குகிறது.

இரண்டாவது சறுக்கல், கீழே போகப் போக அழுத்திப் பாடுவது. பேசும்போது நாண்களுக்கு அடியில் உள்ள காற்றழுத்தம் 6 முதல் 10 சென்டிமீட்டர் நீர்மட்ட அளவு. உரத்துப் பாடும்போது 30 வரை போகலாம். தாழ்ந்த சுரத்துக்கு அழுத்தம் குறைவாகத்தான் வேண்டும். மிகுந்த காற்றைத் தள்ளினால் தளர்ந்த நாண்கள் தாக்குப்பிடிக்காமல் சுரம் மேலே நழுவும், அல்லது உடையும். மூச்சை வாங்கிய பிறகு கீழ் விலா எலும்புகளை உடனே விழ விடாமல் விரித்தபடி தாங்கிப் பாடுவதை இத்தாலியர்கள் 'அப்போஜ்ஜோ' என்பார்கள், சாய்ந்துகொள்ளுதல் என்று பொருள். காற்றைத் தள்ளுவதைவிடக் காற்றைப் பிடித்து வைப்பதற்கே அங்கே உழைப்பு அதிகம்.

மூன்றாவது மேல்பக்கச் சிக்கல். 1 கட்டையில் தார ஸட்ஜத்தைத் தாண்டும்போது 'ஆ'வை அப்படியே திறந்து வைத்தால் சந்தையில் ஏலம் கூவுவது போலாகும். அங்கே 'ஆ'வில் ஒரு துளி 'ஓ' கலப்பார்கள். கலப்பது தெரிந்தால் அதுவும் பிழை.

வயதானபின் வருவது ஆட்டம். ஓபராக் குரலில் இயல்பாகவே விநாடிக்கு ஐந்து முதல் ஏழு முறை ஒரு நடுக்கம் உண்டு. காது அதை நடுக்கமாக எண்ணாமல் உயிரோட்டமாக எடுத்துக்கொள்ளும். ஐந்துக்குக் கீழே போனால் ஒவ்வொரு ஊசலும் தனியாகத் தெரிந்துவிடும். நம் கமகம் வேறு. அது ராகத்தின் உறுப்பு, பாடகர் வேண்டும் என்று போடுவது.

சுருக்கமாக: குரல்வளை நிதானமாக இறங்கி நிற்பதும், மூச்சு தாங்கப்படுவதும், நாக்கு விலகி இருப்பதும் சேர்ந்தால்தான் ஒலிமேடு கிடைக்கிறது. செயற்கையாக இருட்டாக்கினால் முதலில் போவது அதுதான்.

எழுதியவரின் கருணை

பெரிய இசையமைப்பாளர்களுக்கு இந்த இயற்பியல் பெயர் தெரியாவிட்டாலும் காதில் இருந்தது. சராஸ்த்ரோ ஐஸிஸ், ஓசிரிஸ் தெய்வங்களை வேண்டிப் பாடும் இடத்தில் மொஸார்ட் வயலின்களையும் புல்லாங்குழலையும் முழுக்க எடுத்துவிட்டார். வயோலா, செல்லோ, பசூன், டிராம்போன், பாசெட் ஹார்ன் மட்டும். மேலே இடம் காலி. பாடகரின் மேற்சுரங்கள் அங்கே குடியேறிக்கொள்கின்றன.

வகைகளை வேகமாகக் கடந்துவிடலாம். சராஸ்த்ரோ மாதிரி அடியிலேயே உலவும் கனத்த குரல் பாஸோ ப்ரொஃபோந்தோ. குர்ட் மோல், மார்ட்டி தல்வெலா ஆகியோரைக் கேளுங்கள். நீண்ட மெட்டை இழைத்துப் பாடும் குரல் பாஸோ காந்தாந்தே. செசாரே சியெபி இதற்கு நல்ல அறிமுகம். சிரிக்க வைப்பதற்கென்று பாஸோ பூஃபோ. ரொஸ்ஸினியின் 'செவில் நாவிதன்' ஓபராவில் (ரோம், 1816) டான் பஸிலியோ வதந்தி எப்படி முணுமுணுப்பாகத் தொடங்கிப் பீரங்கியாக வெடிக்கிறது என்று பாடுவதைக் கேட்டால் வகை புரிந்துவிடும். பாடகர்கள் இந்தச் சுவர்களைத் தாண்டிக்கொண்டேதான் இருக்கிறார்கள். உலகம் கொண்டாடிய ஷல்யாபினே ஆழமான பேஸ் அல்ல. மேல்பக்கம் இலகுவாக ஏறும் குரல் அவருடையது, பாரிடோன் பாத்திரமான 'டெமன்' கூடப் பாடியவர்.

துவரம்பருப்பு அளவு முகம்

மேடை ஆளுமையைப் பிறவி வரம் என்றே பேசுகிறோம். அதிலும் பாதி அளக்கக்கூடியது.

பெரிய அரங்கின் பின்வரிசையில், மேடையிலிருந்து 40 மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் பாடகரின் தலை எவ்வளவு பெரிதாகத் தெரியும்? கையை நீட்டி விரல் நுனியில் ஒரு துவரம்பருப்பைப் பிடித்தால் எவ்வளவோ, அதைவிடச் சற்றுச் சிறிதாக. புருவத்தை உயர்த்துவது, உதட்டைக் கடிப்பது, கண் கலங்குவது எதுவும் போய்ச் சேராது. சேர்வது மூன்று: உடல் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, எந்த வேகத்தில் நகர்கிறது, எப்போது நகரவில்லை. எல்லோரும் அசையும் மேடையில் அசையாத ஒருவர்மேல் கண் தானாகப் போய் நிற்கும்.

இங்கேதான் குரலும் நடிப்பும் ஒரே கயிறாக முறுக்கிக்கொள்கின்றன. தாழ்ந்த அதிர்வுகள் வாயிலிருந்து எல்லாத் திசையிலும் பரவும். 2500, 3000 ஹெர்ட்ஸ் அப்படியல்ல, டார்ச் வெளிச்சம் மாதிரி முகம் பார்க்கும் பக்கமே போகும். பாடகர் பக்கவாட்டில் முழுதாகத் திரும்பினால் சத்தம் கேட்கும், மணி அணைந்துவிடும். அதனால் அனுபவசாலிகள் எதிரில் நிற்பவரை நேராகப் பார்ப்பதில்லை. தோளை அவர் பக்கமும் முகத்தை அரங்கின் பக்கமும் வைத்துக்கொள்வார்கள். அந்த நிலை இசைக்குழுவின் நடத்துநரையும் ஓரக்கண்ணில் காட்டும்.

மூச்சும் அப்படியே. மூச்சு வாங்கும்போது தோள் தூக்கினால் குரலுக்குக் கேடு என்பது ஒருபுறம், நான்கு வரிக்கு ஒருமுறை தோள் குலுக்கும் ராஜாவை யார் நம்புவார்கள்? விலாவில் இறங்கும் மூச்சு வெளியே தெரியாது. நாம் கம்பீரம் என்று பார்ப்பதில் பெரும்பங்கு அடங்கிய மூச்சு.

அசைவுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. கை சுரத்தோடு சேர்ந்து எழுந்தால் பாடகர் தாளம் போடுகிற மாதிரி இருக்கும். சுரத்துக்கு முன்பே, மூச்சு வாங்கும் இடத்தில் எழுந்து அங்கேயே தங்கினால், நினைப்பு வந்தது, பிறகு பேச்சு வந்தது என்று தெரியும். ஒரு வரிக்கு ஒரு அசைவு போதும். பல வரிகளுக்கு அதுவும் வேண்டாம்.

கஸானில் 1873இல் பிறந்த ஷல்யாபின் ஓபரா மேடைக்குக் கொண்டுவந்தது இதைத்தான். முசோர்க்ஸ்கியின் 'போரிஸ் கதுனோவ்' ஓபராவில், கொல்லப்பட்ட சிறுவனின் உருவம் மூலையில் தெரிவதாக ஜார் மன்னன் நடுங்கும் காட்சியில் மெட்டே உடைந்து பேச்சாகிறது. ஷல்யாபின் அதைப் பேச்சுக்கும் பாட்டுக்கும் நடுவில் ஒரு மயிரிழையில் நடத்திக்கொண்டு போவார். லண்டன் கோவன்ட் கார்டன் மேடையிலிருந்து 1928இல் நேரடியாகப் பதிவான பகுதிகள் இன்றும் கிடைக்கின்றன. சொந்த முகத்துக்கு ஒப்பனையையும் அவரே வரைந்துகொள்வார், தூரத்திலிருந்து எது தெரியும் என்ற கணக்கோடு.

இரண்டு பேஸ்கள், ஒரு அறை

சொன்னதையெல்லாம் ஒரே இடத்தில் பார்க்க வேண்டுமானால் வெர்டியின் 'டான் கார்லோஸ்' (பாரிஸ், 1867) போதும். ஐந்து அங்க வடிவத்தில் நான்காம் அங்கத்தின் தொடக்கம். ஸ்பெயின் மன்னன் இரண்டாம் ஃபிலிப் விடியும்வரை தூங்காமல் தன் அறையில் உட்கார்ந்திருக்கிறான். மெழுகுவத்தி எரிந்து முடிகிறது.

முதலில் ஒரு தனிச் செல்லோ நீளமாகப் பாடுகிறது. பாடகருக்கு இதுதான் முதல் பரீட்சை. வாய் திறக்க வேண்டியதில்லை, எழுந்து நடந்தால் செல்லோ வெறும் பின்னணியாகிவிடும். உட்கார்ந்தே இருந்தால் செல்லோ அவன் தலைக்குள் ஓடுவதாகிறது.

பிறகு தன் ராணியை நினைத்து அவன் பாடும் முதல் வரி: அவள் என்னை ஒருநாளும் நேசித்ததில்லை. கனவில் இருப்பவன்போலப் பாடச் சொல்லி வெர்டி குறித்திருக்கிறார். மெட்டு என்று பெரிதாக ஒன்றுமில்லை, ஒரே சுரத்தைச் சுற்றி முணுமுணுப்பு. முணுமுணுப்பு நாற்பது மீட்டர் போக வேண்டும். உரக்கப் பாடும்போது ஒலிமேட்டை வைத்திருப்பது பயிற்சி, தாழ்த்திப் பாடும்போதும் அதை விடாமல் இருப்பது தேர்ச்சி. காற்றுக் கலந்து சோகமாகப் பாடுபவர்கள் ஹெட்போனில் உருக்குவார்கள், அரங்கில் காணாமல் போவார்கள். பல்கேரிய பேஸ் பாடகர் பொரிஸ் கிறிஸ்தோஃப் இந்த வரியைச் சொல்வதைக் கேளுங்கள். ஒவ்வொரு மெய்யெழுத்தும் கல்லில் வெட்டினாற்போல இருக்கும், சத்தம் மட்டும் இருக்காது.

பிரான்சிலிருந்து வந்த நாளில் அவள் தன் நரைமுடியைப் பார்த்ததாக மன்னன் நினைவுகூர்கிறான். வரலாற்று ஃபிலிப் 1527இல் பிறந்தவர். கதை நடக்கும் காலத்தில் நாற்பதை ஒட்டிய வயதுதான். நரை ஓபராவின் சேர்க்கை. 1950 நவம்பர் 6 அன்று நியூயார்க் மெட்ரோபாலிட்டனின் பருவம் இந்த ஓபராவோடு தொடங்கியபோது பாட வேண்டிய கிறிஸ்தோஃபுக்கு அமெரிக்காவுக்குள் வர அனுமதி கிடைக்கவில்லை. பதிலுக்கு வந்த சியெபிக்கு வயது 27. நரைத்த மன்னனாக அன்று அவர் பாடி, அந்த அரங்கின் நிரந்தர பேஸ்களில் ஒருவரானார். பேஸ் முதிர நாளாகும் என்று மேலே சொன்னதற்கு இவர் ஒரு விதிவிலக்கு.

பாட்டு முடிந்ததும் மதவிசாரணைத் தலைவர், அதாவது திருச்சபையின் சமய நீதிமன்றத்துக்குத் தலைவர், வருகிறார். தொண்ணூறு வயது, பார்வை இல்லை, இரண்டு துறவிகள் தாங்கி வருகிறார்கள். டபுள் பேஸ்களும் கான்ட்ராபசூனும் அடியில் ஊர்கின்றன. ஒரே எல்லையில் உள்ள இரண்டு குரல்கள் ஒருவரையொருவர் நெரிக்கும் இப்படியொரு காட்சி ஓபராவில் அபூர்வம். நடத்துநர் சோல்டியின் 1965 பதிவில் நிக்கொலாய் கியாவ்ரொவ் மன்னன், தல்வெலா தலைவர். கியாவ்ரொவின் குரலில் வெல்வெட்டும் மனிதச் சூடும் இருக்கும். தல்வெலாவினுடையது பெரிய கதவு மெல்லத் திறப்பது மாதிரி. ஆறரை அடி உயர மனிதர் என்பது பதிவில் தெரியப்போவதில்லை, ஆனாலும் தெரிகிற மாதிரி இருக்கும்.

மேடையில் பார்க்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். பார்வையற்றவர் யாரையும் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை. நாற்காலியில் அரங்கை நோக்கி உட்கார்ந்தால் போதும், அவருடைய டார்ச் வெளிச்சம் முழுவதும் நம் மேல் விழுகிறது. மன்னனோ அவரைச் சுற்றி நடக்கிறான், கெஞ்சுகிறான், திரும்புகிறான். திரும்பும் ஒவ்வொரு முறையும் அவன் மணி மங்குகிறது. யார் பலசாலி என்பதை இயற்பியலே சொல்லிவிடுகிறது. பலவீனமான இயக்குநர் தலைவரையும் நடக்க விட்டு இதைக் கெடுப்பார்.

முடிவில் மன்னன் சமாதானம் கேட்கிறான், நடந்ததை மறந்துவிடச் சொல்கிறான். கிழவர் போகிற போக்கில் ஒற்றைச் சொல் விட்டுச் செல்கிறார்: "ஃபோர்ஸே." பார்க்கலாம் என்கிற மாதிரி. தனியே நிற்கும் ஃபிலிப், அரியணை எப்போதும் பலிபீடத்துக்கு வளைந்துதான் ஆக வேண்டுமா என்று ஒரே வரியில் தார மத்யமத்திலிருந்து மந்திர மத்யமம் வரை, 349 ஹெர்ட்ஸிலிருந்து 87 வரை, இரண்டு ஸ்தாயி இறங்குகிறான். பல பாடகர்கள் மேல் சுரத்துக்குச் சக்தியெல்லாம் செலவழித்துவிட்டு அடியில் காற்றோடு நிற்பார்கள். அந்தக் கடைசிச் சுரம் வரும்போது அடுத்த அறையில், போன் ஸ்பீக்கரிலிருந்து பத்தடி தள்ளி நின்று, கேட்கிறதா என்று பாருங்கள்.